யோசித்து அடிக்கிற சண்டை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ‘டோரிபாஷ்’ என்ற சண்டை கேமைப் பற்றி இரண்டு பந்தி எழுதியிருந்தேன். உடம்பை மூட்டு மூட்டாக இயக்கி, முறை வைத்து ஆடுகிற சண்டை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த முறை பெட்டியை நிரப்பிவிட்டன. ஆகவே கணனி திருத்துகிற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இந்தப் பக்கம் முழுவதையும் இப்படிப்பட்ட விசித்திரச் சண்டைகளுக்கே கொடுக்கிறேன்.

கேள்வி: அண்ணா, டோரிபாஷ் டவுன்லோட் பண்ணினேன். ஸ்பேஸ் கீயைத் தட்டியதும் என் ஆள் அப்படியே துவண்டு விழுகிறான். எதிரி விரலைக்கூட அசைக்கவில்லை, நான் தோற்றுவிடுகிறேன். என்ன செய்ய?
(ஏ.எல் மாணவன், உப்புவெளி)

பதில்: தம்பி, அவன் விழுவதுதான் சரி. ஏன் விழுகிறான் என்று விளங்கினால் பாதி கேம் கைக்கு வந்துவிடும்.

மற்றச் சண்டை கேம்களில் நிற்பதற்கு நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பட்டனைத் தொடாவிட்டாலும் உங்கள் ஆள் முஷ்டியை உயர்த்திக்கொண்டு நிற்பான். டோரிபாஷில் நிற்பதே ஒரு வேலை. அந்த உடம்பில் 20 மூட்டுகள். கழுத்து, நெஞ்சு, இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று எல்லாம் தனித்தனி. ஒவ்வொரு மூட்டுக்கும் நான்கு நிலை: சுருக்கலாம், நீட்டலாம், இறுக்கிப் பிடிக்கலாம், தளர விடலாம். தளர்ந்த மூட்டு எடையைத் தாங்காது. எல்லாம் தளர்ந்து கிடக்கும்போது ஸ்பேஸைத் தட்டினால் ஆள் சாக்கு மாதிரி விழாமல் வேறென்ன செய்வான்?

முதலில் ‘சி’ கீயைத் தட்டுங்கள். எல்லா மூட்டும் ஒரே நேரத்தில் இறுகும், ஆள் நிற்பான். அப்புறம் உங்களுக்குத் தேவையான மூட்டின் மேல் மவுஸை வைத்து ‘இசட்’ கீயால் சுருக்கவோ நீட்டவோ செய்யலாம். ‘எக்ஸ்’ கீ இறுக்கவும் தளர்த்தவும். நெஞ்சு மூட்டு கொஞ்சம் வேறு: அது இடப்பக்கமோ வலப்பக்கமோ சுழலும். எல்லாம் அமைத்தபின் ஸ்பேஸ். வழக்கமான விதியில் 10 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வருகிற தனிப் படங்கள்) ஓடி மறுபடி நிற்கும். மறுபடி யோசிக்கலாம்.

குத்தப் போகிற புதியவர்கள் எல்லாரும் தோளையும் முழங்கையையும் மட்டும் நீட்டுகிறார்கள். கை போகும், அடியில் பலம் இருக்காது. காரணம் இந்த கேமில் ‘குத்து’ என்று ஒரு பட்டன் கிடையாது. எதிரியின் உடம்பில் எந்த வேகத்தில் எந்தப் பாரம் மோதுகிறதோ, அதற்குத்தான் புள்ளி. பின்காலை நீட்டித் தரையை உதையுங்கள். இடுப்பை வளையுங்கள். நெஞ்சைச் சுழற்றுங்கள். கை கடைசியில் வரட்டும். உடம்பு முழுவதும் அந்தக் கையின் பின்னால் வரும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. திரையில் உங்கள் ஆளைச் சுற்றி மங்கலாக ஒரு நிழல் உருவம் தெரியும். இப்போது நீங்கள் அமைத்தபடி விட்டால் உடம்பு எங்கே போய் நிற்கும் என்று அது காட்டும். எதிரிக்கும் அப்படி ஒரு நிழல் இருக்கும். புதியவர்கள் அந்த நிழலை முழுதாக நம்பிவிடுகிறார்கள். எதிரி தன் மூட்டுகளை மாற்றாமல் அப்படியே இருந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் அந்த நிழல் காட்டுகிறது. எதிரில் இருப்பது மனிசன் என்றால் அவன் சும்மா இருக்கமாட்டான். அவன் மனதில் என்ன மாற்றுகிறான் என்பது உங்கள் நிழலில் வராது. அதை நீங்கள்தான் ஊகிக்கவேண்டும். நான் இந்த கேமை விரும்புவதற்கு முழுக் காரணமும் இந்த இடம்தான்.

எங்கள் கடை வாங்கில் இரண்டு பெடியன்கள் ஆடியதைப் பார்த்தேன். விதி எளிது: கையும் காலும் தவிர வேறு எது தரையில் பட்டாலும் தோல்வி. ஒருவன் எட்டி மற்றவனின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடிபட்டவன் இழுத்து விடுபடப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் இழுக்கவில்லை. தன் முழங்கையையும் தோளையும் தளர விட்டான், இரண்டு முழங்காலையும் மட்டும் இறுக்கிப் பிடித்தான். பிடித்தவனோ இழுவை வரும் என்று எண்ணி உடம்பைப் பின்பக்கம் சாய்த்திருந்தான். எதிர்ப்பக்கம் இழுப்பு வராததால் தன் பாரத்தாலேயே மெதுவாகப் பின்னால் போனான். திரையில் அவன் இடுப்பு தரையைத் தொடும்வரை வாங்கில் ஒரு சத்தமும் இல்லை. அடியே இல்லாமல் முடிந்த சண்டை அது. ஜெயித்த பிள்ளை செய்தது ஒன்றுதான்: எதிரி எதை எதிர்பார்க்கிறான் என்று கண்டுபிடித்து, அதைக் கொடுக்காமல் விட்டான்.

தம்பி, ஒரு கிழமைக்கு யாரோடும் ஆடாதீர்கள். தனியாக நின்று, விழாமல் ஒரு அடி எடுத்து வைக்கப் பழகுங்கள். பிறகு சண்டைக்குப் போகலாம்.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 13 வயது. நீங்கள் எழுதிய அந்த கேமில் தலை கழன்று போகிறது, இரத்தம் தெறிக்கிறது. எட்டிப் பார்த்து நெஞ்சு திடுக்கிட்டது. இதை எப்படி நல்ல கேம் என்று எழுதினீர்கள்?
(ஒரு தாய், உவர்மலை)

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயம்தான். போன இதழில் நான் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும் என்று எண்ணுவீர்கள், ஆகவே இப்போதே முழுதாகச் சொல்கிறேன். மூட்டில் போதிய வேகத்தோடு அடி விழுந்தால் அந்த உறுப்பு கழன்றுவிடும். உருவங்கள் முகமில்லாத பொம்மைகள்தான், என்றாலும் இரத்தம் உண்டு. அமைப்புப் பக்கத்தில் இரத்தத்தை நிறுத்தி வைக்கலாம். உறுப்பு கழலாத விதியிலும் ஆடலாம். மகனை இருத்தி இரண்டையும் உங்கள் முன்னாலேயே மாற்றச் சொல்லுங்கள்.

எனக்கு அந்தச் சிவப்பு நிறத்தைவிட இன்னொன்று கவலை. இணையத்தில் ஆடும்போது பக்கத்திலேயே அரட்டைப் பெட்டி ஓடும். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற, வயது தெரியாத ஆட்கள் அதில் கதைப்பார்கள். 13 வயதுப் பிள்ளை அங்கே தனியாக இருக்கவேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெடியனோடு ஒரே கணனியில் ஆடட்டும்.

அவனுக்குப் பொருத்தமாக ஒன்று சொல்லட்டுமா? ‘சுமோட்டோரி ட்ரீம்ஸ்’. ஹங்கேரிக்காரரான பீட்டர் ஷோட்டேர் 2007இல் செய்தது. இரண்டு கட்டை உருவங்கள் ஒன்றையொன்று தள்ளி விழுத்தவேண்டும், அவ்வளவுதான். இரத்தம் இல்லை. ஒவ்வொரு அடியிலும் அந்த உருவங்கள் தாமாகவே சமநிலை தேடித் தள்ளாடும். விழுந்தபின் எழும்பப் பார்க்கும், எழும்புகிற வழியில் மறுபடி விழும். வீட்டில் எல்லாரும் சிரிப்பீர்கள். முழு கேமும் 96 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டும் என்ற போட்டிக்காகச் செய்தது. நீங்கள் போனில் எடுக்கிற ஒரு படம் இதைவிடப் பல மடங்கு பெரிது. ரீலோட் காசைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

கேள்வி: தம்பி, சின்ன வயதில் நான் சிலம்படி பழகினவன். பேரப்பிள்ளைகள் பட்டனைத் தட்டித் தட்டி நெருப்பு விடுகிறார்கள். அதில் கம்பு எங்கே, கால் எங்கே? உண்மையான சண்டையின் ஒரு துளியாவது இருக்கிற கேம் ஏதும் உண்டா?
(ஒரு வாப்பப்பா, கிண்ணியா)

பதில்: நானா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் கேட்பதைத்தான் சில பேர் வேண்டுமென்றே செய்து பார்த்திருக்கிறார்கள்.

‘நிடாக்’ என்று ஒன்று. மார்க் எஸன் என்ற அமெரிக்கர் செய்தது. 2010இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் ஒரு காட்சிக்காகத் தொடங்கி, 2014இல் விற்பனைக்கு வந்தது. இரண்டு பேர், இரண்டு வாள். உயிர் அளவுகோல் என்று மேலே ஒரு கோடு கிடையாது. வாள் பட்டால் ஆள் முடிந்தான். வாளை மூன்று உயரத்தில் பிடிக்கலாம்: தலை, நெஞ்சு, தொடை. இருவரும் ஒரே உயரத்தில் பிடித்தால் முனையும் முனையும் முட்டி நிற்கும். எதிரியின் வாள் இருக்கிற உயரத்தின் ஊடாக உங்கள் வாளை மேலேயோ கீழேயோ சட்டென்று மாற்றினால் அவன் கையிலிருந்து வாள் தட்டுப்பட்டுப் போகும். வாளை எறியலாம். எறிந்தபின் வெறுங்கை, அது வேறு கவலை. நீங்கள் கம்பு பிடித்தவர், எதிரியின் முனையைப் பார்த்து உங்கள் முனையை எங்கே வைப்பது என்ற அந்த யோசனையை உடனே கண்டுகொள்வீர்கள்.

இதில் இன்னொரு புதுமையும் உண்டு. கொன்றால் வெற்றி இல்லை. கொன்றவனுக்கு ஓடுகிற உரிமை கிடைக்கும், அவன் எதிரியின் பக்கத்து எல்லையை நோக்கி ஓடவேண்டும். செத்தவன் மீண்டும் அவன் முன்னால் வந்து மறிப்பான். கயிறிழுப்பு மாதிரித் திரை அங்கும் இங்கும் போகும். ஆகவே அடிக்காமல் எதிரியின் தலைக்கு மேலால் பாய்ந்து ஓடுவதும் ஒரு தந்திரம். எல்லையை அடைந்து வென்றவனை ஒரு பெரிய புழு வந்து விழுங்கும். வென்றவனுக்கு ஏன் அந்த முடிவு என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். நோர்ஸ் புராணத்தில் நிடாக் என்பது உலக மரத்தின் வேரைக் கடிக்கிற பெரும் பாம்பு, அதிலிருந்து எடுத்தது என்று சொல்லிவிடுங்கள்.

கால் எங்கே என்று கேட்டீர்கள். அதற்கு ‘ஃபுட்ஸீஸ்’. மூன்று பட்டன்தான்: முன்னே, பின்னே, அடி. நெருப்பும் இல்லை, பறப்பதும் இல்லை. அவன் அடி எட்டாத தூரத்தில் நின்று, அவன் வீசி வெறுங்காற்றில் அடித்த கணத்தில் உள்ளே போய் அடிக்கவேண்டும். தூரத்தை அளக்கத் தெரியாதவன் இதில் நிற்கமாட்டான். காசும் இல்லை, இலவசம்.

வலுவான கணனி வீட்டில் இருந்தால் போலந்துக்காரர் செய்த ‘ஹெலிஷ் குவார்ட்’ பார்க்கலாம். 17ஆம் நூற்றாண்டு வாள் சண்டை. அதில் வாளும் வாளும் திரையில் உண்மையாகவே மோதித் தடுக்கும். ஆனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது நிடாக்தான். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி ஆடுங்கள் நானா. நீங்கள் வெல்கிற நாளை அந்தப் பிள்ளை மறக்காது.

கேள்வி: ஒரே லப்டொப், இரண்டு பேர், இன்டர்நெட் இல்லை, ஜொய்ஸ்டிக்கும் இல்லை. எது நல்லது?
(நண்பர்கள் இருவர், நிலாவெளி)

பதில்: ‘டைவ்கிக்’. அடுத்த பதிலில் அதைப் பற்றி விளக்கமாக இருக்கிறது, வாசியுங்கள். ஆளுக்கு இரண்டு கீ போதும், கீபோர்ட்டில் கை இடிபடாது. மேலே சொன்ன நிடாக்கும் ஒரே கீபோர்ட்டில் ஆடலாம்.

கேள்வி: அண்ணா, ஒரு விபத்துக்குப் பிறகு என் வலது கையில் மூன்று விரல் மடங்காது. தம்பிமார் சண்டை கேம் ஆடும்போது நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். நானும் ஆடி வெல்லக்கூடிய ஒன்று இருக்கிறதா? பாவம் பார்த்து விட்டுக்கொடுக்கிற கேம் வேண்டாம்.
(தங்கச்சி ஒருத்தி, மூதூர்)

பதில்: இருக்கிறது தங்கச்சி. உங்கள் கடைசி வரிக்காகவே இதற்கு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

வழக்கமான சண்டை கேம் ஒரு வினாடியில் 60 பிரேம் ஓடும். கண்ணில் பட்டதைப் பார்த்து விரல் அசைவதற்குள் பத்துப் பன்னிரண்டு பிரேம் போய்விடும், எவருக்கும். அதோடு ‘கீழ், முன், குத்து’ என்று பட்டன்களை வளைத்து அடிக்கிற விரல் வித்தை வேறு. விரல் ஓடாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிற வேலை இது. உள்ளே நடக்கிற உண்மையான சண்டையை, அதாவது எதிரில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்று வாசிப்பதை, அவர்கள் பார்க்கவே கிடைப்பதில்லை. இது எனக்கு எப்போதும் மனதில் உறுத்துகிற விசயம். அந்த வாசலை உடைத்த கேம்களுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே ஒதுக்கினேன்.

முதலில் ‘யுவர் ஒன்லி மூவ் இஸ் ஹசில்’ என்பதைச் சொல்கிறேன். ஆடுகிறவர்கள் ‘யோமி ஹசில்’ என்பார்கள். ஐவி ஸ்லை என்பவர் செய்தது, 2023இல் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வந்தது. குச்சி உருவங்கள். கௌபோய், நிஞ்சா, மந்திரவாதி, ரோபோ என்று ஆட்கள். உங்களால் ஏதாவது செய்யக்கூடிய ஒவ்வொரு கணத்திலும் சண்டை நின்றுவிடும். என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் வரும். மவுஸால் ஒன்றைத் தெரிவு செய்தால் அது எப்படிப் போகும் என்று முன்கூட்டியே ஓட்டிக் காட்டும். எதிரியும் அதே நேரத்தில் இரகசியமாகத் தெரிவு செய்வான். இரண்டு பேரும் பூட்டியபின் சண்டை கொஞ்சம் நகரும், மறுபடி நிற்கும். எல்லாம் முடிந்தபின் ஆட்டத்தை இடைநிறுத்தாமல் முழு வேகத்தில் ஓட்டிக் காட்டும்போது பாருங்கள். ஆறுதலாக யோசித்து எடுத்த முடிவுகள் எல்லாம் சேர்ந்து ஒரு சினிமாச் சண்டை போல ஓடும். அதைச் செய்தது நீங்கள். தம்பிமாரின் வேகமான விரல் அங்கே ஒரு சதத்துக்கும் உதவாது.

இரண்டாவது டைவ்கிக். 2013இல் அயர்ன் கேலக்ஸி என்ற நிறுவனம் வெளியிட்டது. நடக்கிற பட்டனே கிடையாது. ஒரு பட்டன் மேலே பாயும். மற்றது காற்றில் இருக்கும்போது சரிவாக உதையும், தரையில் இருக்கும்போது பின்னுக்குத் துள்ளும். ஒரே உதையில் சுற்று முடியும், ஐந்து சுற்று வென்றால் ஆட்டம். உதை தலையில் பட்டால் அடுத்த சுற்றின் ஆரம்பத்தில் எதிரி மயக்கத்தில் மெதுவாக இருப்பான். ஒரு சுற்றுக்கு 20 வினாடி. அதற்குள் யாரும் விழாவிட்டால் நடுக்கோட்டுக்குக் கிட்ட நிற்பவர் வெல்வார், ஆகவே ஒதுங்கி நின்று தப்பமுடியாது. இடது கையின் இரண்டு விரல் உங்களுக்குத் தாராளம். ஆனால் இது நிற்காமல் ஓடுகிற கேம், சமயம் பார்த்து அழுத்தவேண்டும். அதனால்தான் இரண்டாவதாக வைத்தேன்.

டோரிபாஷும் மவுஸால் ஆடக்கூடியதுதான். ஆனால் 20 மூட்டையும் பழக மாதக்கணக்கு எடுக்கும். முதலில் யோமி ஹசிலில் தம்பிமாரை வெல்லுங்கள். ஒரு சின்னப் புத்தி: எதிரி மூன்று முறை பாதுகாத்துக்கொண்டே இருந்தால் நாலாவது முறை அடிக்காதீர்கள், பிடித்து எறியுங்கள். பாதுகாக்கிறவனைப் பிடி முறிக்கும். பிடிக்க வருகிறவனை அடி முறிக்கும். அடிக்கிறவனைப் பாதுகாப்பு முறிக்கும். இந்த மூன்றில் அவர்கள் எதை எடுப்பார்கள் என்று வீட்டில் கூடவே வளர்ந்த உங்களைவிட யாருக்குத் தெரியும்?

கேள்வி: சேர், கேம் செய்யப் படிக்க ஆசை. இந்த மாதிரி வித்தியாசமான சண்டை கேம் ஒன்றை எங்களாலும் செய்யமுடியுமா? பெரிய கொம்பனியும் பெரிய காசும் வேண்டாமா?
(வளாக மாணவி, கோணேசபுரி)

பதில்: தங்கச்சி, மேலே சொன்னவற்றில் பல ஒருவரோ ஒரு சிலரோ சேர்ந்து தொடங்கியவை. டோரிபாஷை 2006இல் தொடங்கியவர் ஹம்புஸ் சோடர்ஸ்ட்ரோம். உடம்பு விழுவதையும் மோதுவதையும் கணக்குப் போட இலவசமாகக் கிடைத்த ஒரு இயற்பியல் மென்பொருளை (‘எஞ்சின்’ என்பார்கள்) எடுத்துக்கொண்டார். ஓவியமும் அலங்காரமும் குறைவு. சிந்தனை முழுவதும் மூட்டில். யோமி ஹசில் செய்யப்பட்டது ‘கோடோ’ என்ற கேம் செய்கிற மென்பொருளில், அதுவும் இலவசம், பழைய கணனியிலும் ஓடும். ஆகவே காசைப் பற்றிய கேள்வியை விடுங்கள்.

இவர்கள் எல்லாரும் சண்டையிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து வெளியே வைத்தார்கள். டைவ்கிக் நடையை எடுத்தது. நிடாக் உயிர்க்கோட்டை எடுத்தது. டோரிபாஷ் வேகத்தை எடுத்தது. நீங்கள் எதை எடுக்கப்போகிறீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

என்னிடம் ஒரு ஆசை உண்டு, சொல்கிறேன். யாராவது கிளித்தட்டை எடுத்துச் செய்யவேண்டும். குறுக்குக் கோடுகளை மறிப்பவர்கள், நடுக்கோட்டால் ஓடி வருகிற கிளி, தொடுபடாமல் போய்த் திரும்பவேண்டிய ஆள். ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு பேர் முகத்துக்கு முகம் நின்று, இடமா வலமா என்று கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அந்த இடம். ஒருவரும் யாரையும் அடிப்பதில்லை, ஆனால் அது முழுச் சண்டை. இரண்டு பேரும் இரகசியமாகப் பக்கத்தைத் தெரிவு செய்து ஒரே நேரத்தில் நகரட்டும். பின்னால் கிளி எத்தனை அடி தள்ளி வருகிறது என்பதே கடிகாரம்.

படம் கீறத் தேவையில்லை. இரண்டு சதுரம், ஒரு கோடு, ஒரு வட்டம். அதை வைத்து இரண்டு கூட்டாளிகள் பத்து நிமிசம் எழும்பாமல் ஆடினால் கேம் சரி என்று அர்த்தம். எழும்பிப் போனால் நிறத்தையும் இசையையும் சேர்க்கவேண்டாம், விதியை மாற்றுங்கள். ஆடக்கூடிய நிலைக்கு வந்ததும் இந்த இதழின் முகவரிக்கு ஒரு பென் டிரைவில் அனுப்புங்கள். கடை வாங்கில் பெடியன்களை இருத்தி ஆட விடுகிறேன். அவர்கள் எந்த இடத்தில் முகம் சுளித்தார்கள் என்பதுவரை எழுதி அனுப்புவேன்.